திடலோரத்துத் தந்தையர்: மலாயாத் தோட்டப்புறக் காற்பந்தும் அதைக் கண்டு நின்றோரும்

புறநானூற்றின் 80ஆம் பாடல் ஒரு மற்போரைக் காட்டுகிறது. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருததைப் பாடியவர் சாத்தந்தையார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்திருக்கும் நிலையைப் புலவர் நுணுக்கமாக வருணிக்கிறார். அவ்வருணனையின் நடுவே அவர் ஒன்றை விழைகிறார். மனம் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், தந்தை தித்தன் இக்காட்சியைக் காண வேண்டும் என்பதே அவ்விழைவு. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிணக்கு இருந்தது எனப் பாடலுக்குப் பொருள் கூறுவோர் குறிப்பர். தித்தன் களத்தில் இல்லை என்பதே அவ்விழைவின் உட்பொருள். வளர்ந்த மகன் ஆடும் களத்தில் தந்தை நின்று காண்பது பெரிய செய்தி என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அக்காட்சி ஒரு தலைமுறைக் காலத்திற்கேனும் வாரந்தோறும் நிகழ்ந்தது. பந்தை உதைத்தவன் மகன். திடலோரத்தில் நின்றவர் தந்தை. ஆயின் அத்தந்தையரைப் பற்றி எழுதியவர் அரியர். மலேசிய இந்தியரின் விளையாட்டு வரலாறு என்றால் நாட்டுக்காக ஆடியோரின் பெயர்களை நிரல்படுத்துவதே இதுவரை நம் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அந்நிரல் தேவையானது, நாமும் அதைப் பின்னர்த் தொடுவோம். எனினும், தோட்டக் காற்பந்தின் சமூகப் பொருளை அறிய விழைவோர் ஆடியவரைவிடக் கண்டு நின்றவரையே முதலில் நோக்க வேண்டும் என்பது நம் கருத்து. அவர் அங்கு நிற்கக் காரணமான சூழல் எப்போது உருவாயிற்று, எவ்வாறு நிலைத்தது, எப்போது மறைந்தது என்பன தோட்டத் தமிழரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை.

மகன் வளர்ந்து நின்ற காலம்

இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் ஒன்று அன்று இயல்பன்று. தோட்டங்கள் தோன்றிய முதற் பல ஆண்டுகளில், வளர்ந்த மகனும் அவன் தந்தையும் ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் குறைவு. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தோருள் ஆண்களே மிகுதி. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்து ஊர் திரும்புவதே பலரின் எண்ணமாக இருந்தது. எண்ணம் ஈடேறாதோரும் விலைவீழ்ச்சி வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை சரிந்து, பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டமை இதற்குச் சான்று. இத்தகைய மக்களிடையே தந்தை, மகன், பேரன் என்னும் தொடர்ச்சி வேர்விடுவது கடினம்.

மாற்றம் இரு வழியாக வந்தது. குடும்பமாக வந்தோரும் இங்கேயே மணம் புரிந்தோரும் பெருகினர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் புதிய ஆள்வரவு குன்ற, ஏற்கெனவே இருந்தோரின் பிள்ளைகளே தோட்டத்து மக்களாயினர். 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மண்ணில் பிறந்தோராக இருந்தனர். ஆயிரம் ஆண்களுக்குரிய பெண்களின் எண்ணிக்கையும் அப்போது அறுநூறைக் கடந்திருந்தது. இவ்வெண்களைக் குடியியல் ஆய்வாளர் வேறு நோக்கில் பயன்படுத்துவர். நமக்கு அவை ஒரு காட்சியின் தோற்றத்தைக் கூறுகின்றன. 1920களில் லயத்தில் பிறந்த ஆண்குழந்தை 1940களில் திடலில் இறங்கத்தக்க இளைஞன். அவனைப் பெற்றவர் இன்னும் மரம் சீவும் வயதினர். இருவரும் ஒரே தோட்டத்தில் இருந்தனர். திடலோரத்துத் தந்தை என்னும் வரலாற்று மாந்தர் பிறந்தது அப்போதுதான்.

அந்த இளைஞருட் பலருக்கு ஆடும் வாய்ப்பே கிட்டவில்லை என்பதையும் உடன் கூறியாக வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இலவசத் திரைப்படம் காட்டுவதாக அழைத்து, வந்தோரைக் கதவடைத்து வண்டியேற்றிய நிகழ்ச்சிகளும் அவ்வரலாற்றில் உண்டு. இளைஞர் ஓரிடத்தில் கூடுவதே பெற்றோருக்கு அச்சம் தந்த காலம் அது. மலாயாவில் பிறந்து வளர்ந்த முதல் பெருந்தலைமுறை இருபது வயதை எட்டிய வேளையில் இப்பேரிழப்பு நேர்ந்தது. போருக்குப்பின் மாலை வேளையில் திடலில் மகனைக் கண்டு நின்ற தந்தைக்கு, அவன் அங்கிருப்பதே ஒரு பேறாகத் தோன்றியிருக்கும் என நாம் ஊகிப்பதில் தவறில்லை.

பெரட்டுக்களமும் திடலும்

தோட்டத்தில் மக்கள் ஒருசேரக் கூடிய இடங்கள் சிலவே: பெரட்டுக்களம், கோவில், கள்ளுக்கடை, திடல். இவற்றுள் பெரட்டுக்களம் விடியுமுன் கூடுவது. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்கு ஊறும் என்பதால் இருள் பிரியுமுன் பெயர் அழைக்கப்படும். செக்ரோலில் தந்தையும் மகனும் இரண்டு பெயர்கள், இரண்டு நாட்கூலிகள், அவ்வளவே. கிராணி அழைக்க, தந்தையும் மகனும் தனித்தனியே விடையிறுத்துத் தத்தம் நிரைக்குச் செல்வர். நண்பகலையொட்டிப் பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகல் அவர்களுடையதாகும். தோட்டத்து மாலைப்பொழுதை உருவாக்கியது இரப்பர் மரத்தின் இயல்பே எனலாம். ஆலைத் தொழிலாளிக்குக் கிட்டாத ஒளியுள்ள மாலை, பால்மரத் தொழிலாளிக்குக் கிட்டியது. அவன் உதைத்த பந்தின் தோலுக்குள் இருந்த காற்றுப்பையும் அம்மரத்துப் பாலால் ஆனதே.

திடல் தோட்டத்துக் கம்பெனியின் நிலம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. பள்ளி எவ்வளவு எளியதாயினும் சட்டத்தின் துணை பெற்றது. ஆட்டத்துக்கு விடப்பட்ட நிலமோ நிருவாகத்தின் மனப்பாங்கைப் பெரிதும் சார்ந்திருந்தது. காற்பந்தை ஊக்குவித்த துரைமார் அன்பினால் மட்டுமே அவ்வாறு செய்தனர் எனக் கூற இயலாது. மாலையில் ஓடி ஆடிக் களைத்த இளைஞன் கள்ளுக்கடைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் செல்வது குறையும் என்னும் கணக்கு எந்த நிருவாகிக்கும் புலப்படக்கூடியதே. இருப்பினும், கொடுத்தவர் நோக்கம் ஒன்றாக இருக்க, பெற்றவர் அதை வேறொன்றாக ஆக்கிக்கொள்வது வரலாற்றில் புதிதன்று.

அவ்வாறு ஆக்கிக்கொண்டதன் அடையாளம் விளிமுறையில் தெரிந்தது. தோட்டத்தில் துரை, கிராணி, கண்டக்டர், கங்காணி, தண்டல் என்னும் படிநிலைகள் உறுதியானவை. தொழிலாளி கிராணியை ‘ஐயா’ என்றழைப்பான். அவர் முன் துண்டைத் தோளிலிருந்து இறக்குவான். பல தோட்டங்களில் கிராணிமாரும் தொழிலாளரின் மக்களும் ஒரே குழுவில் ஆடினர். பெரும்பாலும் இலங்கைத் தமிழரும் மலையாளிகளுமாக இருந்த அலுவலர்கள், ஆங்கிலப் பள்ளியில் இவ்வாட்டத்தைக் கற்றுவந்தவர்கள். ஆட்டத்தின் வேகத்தில் ‘ஐயா, பந்தைத் தாருங்கள்’ என்று கேட்க நேரமில்லை. ‘இங்கே விடு’ என்று கூவும் மகனின் குரலைத் திடலோரத்தில் நின்ற தந்தை கேட்டார். அக்குரலுக்கு இணங்கிக் கிராணி பந்தைத் தள்ளிவிட்டதையும் கண்டார். மறுநாள் விடியலில் அதே கிராணி பெயர் அழைக்க, அதே மகன் ‘ஐயா’ என்றான். ஒன்றரை மணிநேரம் நிலவிய அச்சமநிலையைப் பெரிதாக்கிக் கூறுவது மிகையாகும். அது கூலியை உயர்த்தவில்லை. லயத்தின் கூரையைச் சீர்செய்யவில்லை. ஆயின் அத்தகைய நிலை கூடும் என்பதைக் கண்ணால் கண்ட சான்றாளர் ஒருவர் இருந்தார். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுசென்றார்.

தோட்டத்து வாயில்

தோட்டம் வேலியிட்ட உலகம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைக் காண்போர் இதை எளிதில் உணர்வர். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்கள் மீதான அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு இரு கோரிக்கைகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று, துரையும் அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மற்றொன்று, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துசெல்ல இசைவு வேண்டும் என்பது. அவ்வேலைநிறுத்தம் அவ்வாண்டு மே மாதத்தில் படைகொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

உறவினர் வருவதற்கே போராட வேண்டியிருந்த நிலத்தில், வேற்றுத் தோட்டத்துக் குழு ஆட வரும் நாள் என்ன பொருள் தந்திருக்கும்? லாரியிலும் மிதிவண்டியிலும் இளைஞர் வந்திறங்கினர். அவர்களோடு ஆடாதவரும் வந்தனர். ஒருவர் தம் தங்கையை மணம் செய்துகொடுத்த லயத்தை எட்டிப் பார்த்தார். இன்னொருவர் ஊர்க்காரரைத் தேடினார். பெண் பார்க்கும் பேச்சு திடலோரத்தில் தொடங்குவதும் உண்டு. ‘அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் யார் மகன்?’ என்னும் வினா ஆட்டத்தைப் பற்றியது மட்டுமன்று. வினவியவருக்கும் விடையளித்தவருக்கும் அது தெரியும். எனவே ஆட்டநாளில் திடல், தோட்டத்து வாயில் திறந்த இடமாயிற்று என்று கூறலாம். சட்டைக்காரனின் தந்தை அங்கே வெறும் பார்வையாளர் அல்லர். குடும்பத்தின் சார்பில் நிற்பவர்.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் அவ்வாயில் மீண்டும் இறுகிற்று. லயங்கள் முள்வேலிக்குள் தொகுக்கப்பட்டன. ஊரடங்கும் சோதனையும் வந்தன. அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. அதனைத் தொடர்ந்த காலமே தோட்டக் காற்பந்துக்கு நல்ல காலம் எனக் கொள்ளத்தக்கது. ஆனால் அக்காலத்திலேயே அயல்நாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியிருந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இத்துண்டாடலை எதிர்கொள்ளவே. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கிய அம்முயற்சியின் வரலாறு தனியே விரித்தெழுதத்தக்கது.

கண்டு நின்றவரின் மனம்

தந்தை எவ்வாறு கண்டார்? பெரும்பாலும் வாய் திறவாமல். மற்றவர் மக்களைக் கூவி ஊக்குவித்தவர் தம் மகனிடம் பந்து வந்தபோது அடங்கிப்போவது தோட்டத்தில் வளர்ந்த எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி. இதற்குப் பண்பாட்டுக் காரணம் உண்டு. தம் பிள்ளையைத் தாமே புகழ்ந்தால் கண்ணேறு படும் என்பது நம்மவர் நம்பிக்கை. பெற்றவர் கண்ணே பொல்லாக் கண் என்பாரும் உளர். மகனுக்குத் தெரியாமல் மரத்தடியில் நின்று பார்த்து, ஆட்டம் முடியுமுன் வீடு சேர்ந்துவிடும் தந்தையரும் இருந்தனர். ஆதலால் திடலோர மௌனத்தை அக்கறையின்மை எனக் கொள்வது பிழையாகும்.

வேறொரு காரணம் பொருளியல் சார்ந்தது. தோட்டத் தொழிலாளி நாட்கூலி பெறுபவன். கால் முறிந்தால் மரம் சீவ இயலாது; சீவாத நாளுக்குக் கூலி இல்லை. இளைஞர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அக்காலத்தில் அது இழிவும் அன்று. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் குழுவினரே பெரும்பாலும் வெறுங்காலினர்தாம். மழையில் நனைந்து கனத்த தோல்பந்தும் எதிரியின் காலணியும் வெறுங்காலுக்கு என்ன செய்யும் என்பதைத் தந்தை அறிவார். மகன் பந்தை நோக்கிப் பாயும் ஒவ்வொரு முறையும் அவர் கண்முன் இரண்டு தோன்றியிருக்கும்: ஒன்று கோல், மற்றொன்று செக்ரோலில் வெறுமையாகும் ஒரு கட்டம். மகன் ஆடுவதைத் தடுத்த தந்தையரைக் குறுகிய நோக்கினர் என்று பிற்காலத்தார் பழிப்பதுண்டு. இரு கூலிகளால் ஓடும் வீட்டில் ஒன்று நின்றால் கடைக்கடன் பெருகும் என்பதைக் கணக்கிட்டவரைப் பழிப்பதற்கு நாம் உடன்படவில்லை.

தாயைப் பற்றி இதுவரை கூறாமைக்குக் காரணம், அவர் திடலோரத்தில் நிற்கும் உரிமையோ நேரமோ பெற்றிராமையே. அவரும் விடியலில் மரம் சீவியவர். பிற்பகல் ஆடவர்க்கு ஓய்வாக அமைய, அவருக்கு விறகும் தண்ணீரும் அடுப்புமாக இரண்டாம் வேலை தொடங்கியது. திடலை நோக்கிய லயமாக இருந்தால் வாசலிலிருந்து கண்டிருப்பார். ஆரவாரத்தைக் கேட்டுக் கோல் விழுந்ததை அறிந்திருப்பார். மகனின் ஆட்டத்தை அவர் மெய்யாகப் படித்தது இரவில்தான். வீங்கிய கணுக்காலுக்கு மஞ்சள் பற்றிட்டு, நல்லெண்ணெய் தடவி, டிரஸ்ஸரிடம் போக வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்தவர் அவர். மகன் எப்படி ஆடினான் என்பதைத் தந்தை கண்ணால் அறிந்தார்; தாய் கையால் அறிந்தார்.

நகரத்துத் திடல்கள்

தோட்டத்துக்கு வெளியேயும் இத்தகைய திடல்கள் இருந்தன. செந்தூல் இரயில்வே பட்டறையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் காற்பந்து வேரூன்றியது. சிங்கப்பூரில் 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் மலையாளிகளும் தமிழரும் மிகுந்திருந்தனர். வேலையும் வீடும் ஆட்டமும் ஒரே வேலிக்குள் அமைந்த வகையில் தளம் தோட்டத்தை ஒத்தது. சிராங்கூன் சாலையையொட்டிய ஃபேரர் பார்க் திடலோ எவருடைய வேலிக்கும் உட்படாதது. 1942 பிப்ரவரியில் இந்தியப் படைவீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட அதே நிலத்தில், பின்னாளில் பல குழுக்கள் அடுத்தடுத்து ஆடிக்கொண்டிருந்தன. நகரத்துத் தந்தைக்கு ஒரு வாய்ப்பு கூடுதல்: 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கில் சீட்டு வாங்கி உட்கார்ந்து பெரிய ஆட்டத்தையும் காணலாம். ஆயின் சீட்டு வாங்கிக் காண்பதும் திடலோரத்தில் நிற்பதும் ஒன்றல்ல. அரங்கில் ஆடுபவன் எல்லாருக்கும் உரியவன்.

அவ்வாறு எல்லாருக்கும் உரியோராக உயர்ந்தவர்களின் நிரல் சிறிதன்று. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3–0 என வென்ற மலேசியக் குழுவில் மு. சந்திரனும் வி. கிருஷ்ணசாமியும் இடம்பெற்றனர். சிங்கப்பூர் 1977இல் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர் சமது அல்லாபிச்சை. கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், ‘ஸ்பைடர்மேன்’ எனப் புகழப்பட்ட கோல் காவலர், 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிபெற்ற குழுவில் ஆடினார். ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பை எதிர்த்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அக்குழு மாஸ்கோ செல்லவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவ்வெற்றியைத் தழுவி எடுக்கப்பட்ட ‘ஓலா போலா’ என்னும் மலேசியத் திரைப்படம் 2016இல் வெளிவந்தது; தமிழ்க் குடும்பத்துக் கோல் காவலர் ஒருவர் அதன் கதைமாந்தருள் ஒருவர். இப்பெயர்களைத் தமிழ் ஆசிரியர்கள் வகுப்பில் கூறுவது நன்று. ஆனால் இவர்களுள் ஒவ்வொருவருக்கும் பின்னால், எந்த நாளிதழிலும் பெயர் வராத நூறு நூறு ஆட்டக்காரர் இருந்தனர். அவர்களைக் கண்டோர் பெற்றோரும் அயல்வீட்டாருமே.

திடல் மறைந்தபின்

செம்பனை இரப்பரின் இடத்தைப் பிடித்தபோது தோட்டத்து மாலை முதலில் மாறியது. செம்பனைக்கு அதே பரப்பில் குறைந்த ஆட்கள் போதும். குலை வெட்டுவது விடியலோடு முடியும் வேலையும் அன்று. அடுத்து நிலமே கைம்மாறியது. 1980கள் முதல் சிலாங்கூரிலும் பிற மாநிலங்களிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கோல்ப் திடலுக்கும் விற்கப்பட்டன. முதல் உலகப் போரில் பங்குகொண்ட ஆங்கிலேயர் 1921இல் தொடங்கியமையால் ‘பெரும்போர்’ எனப் பொருள்படும் மலாய்ப் பெயர் பெற்ற பிராங் புசார் தோட்டம் 1990களில் புத்ராஜெயாவாயிற்று. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டிங்கில் பகுதி அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. புக்கிட் ஜாலில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய வட்டாரத்தில் 1998இல் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. எண்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் அமரும் அரங்கம் அது. அதற்கு அணித்தே எஞ்சியிருந்த தோட்டக் குடும்பங்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டு போராடின. நாட்டின் மிகப் பெரிய திடலை அயலிற் கொண்டும், அவர்கள் தம் மக்கள் ஆடுவதைக் காண ஓரிடம் இழந்தனர்.

இவ்விழப்பைக் கூறும்போது நம் சமூகத்தார் பெரும்பாலும் கோவிலையும் பள்ளியையும் குறிப்பிடுவர். அவற்றுக்குப் பதிவு உண்டு, குழு உண்டு, இடம் மாற்றித் தரவேண்டும் என்று கேட்கும் வாய் உண்டு. திடலுக்கு ஒன்றும் இல்லை. இழப்பீட்டுப் பேச்சுகளில் திடல் ஓர் உருப்படியாக எண்ணப்படுவதே அரிது. ஆடிய இளைஞர் குழுவாக வேறிடம் தேடிச் சென்றனர். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடும் ஃபுட்சால் அரங்குகளும் பெருகின. வலையால் சூழப்பட்ட அவ்வரங்குகளில் ஆட்டம் இரவு பத்து மணிக்கும் நடைபெறும். அங்கு வண்டியோட்டிச் சென்று நிற்க எந்தத் தந்தைக்கும் காரணம் இல்லை. லயத்திலிருந்து நூறு அடி நடந்து திடலோரம் நிற்பதற்குக் காரணம் தேவைப்படவில்லை. அதுவே அதன் சிறப்பு.

அமைப்பு வழியான முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. மிஃபா என அறியப்பட்ட மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான குழு 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர்மாறி 2019இல் சூப்பர் லீக்கை எட்டி, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிற்று. நிதியும் நிருவாகமும் பற்றிய அதன் கதையை விளையாட்டு இதழாளர் எழுதட்டும். நாம் கருதுவது, அது திடலோரத்தின் சிக்கலைத் தொடவில்லை என்பதே. உச்சியில் ஒரு குழு இருப்பதற்கும், ஊர்தோறும் மகன் ஆடுவதைத் தந்தை நடந்துவந்து காணும் ஓரிடம் இருப்பதற்கும் இடையே நேரான வழி இல்லை. தொழில்முறை சாராத குழுக்களுக்காக 2019இல் தொடங்கப்பட்ட எம்3 முதலிய லீக் ஆட்டங்களில் தந்தையர் சிலர் மீண்டும் ஓரங்களில் தென்பட்டமை இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது.

இத்துறையில் சான்று திரட்டுவோர் புகைப்படத்திலிருந்து தொடங்குவர். தோட்டக் குழுக்களின் பழம்படங்கள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. நடுவில் நாற்காலியில் துரை, இருமருங்கும் அலுவலர், பின்னால் ஆட்டக்காரர், தரையில் கிண்ணம் என்பது அவற்றின் வழக்கமான அமைப்பு. தந்தையர் சட்டகத்துக்கு வெளியே நின்றிருப்பர். சில படங்களில் ஓரத்தில் ஒரு தோளோ துண்டோ மட்டும் தெரியும். அவற்றை வெட்டிச் சீர்செய்யாமல் முழுமையாகவே படியெடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது வாய்மொழி. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றுள் பல தோட்டம் மறைந்தபின்னும் பழைய பெயரையும் ஒரு சிறு திடலையும் காத்து வருகின்றன. அங்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் எழுபது வயதினர், ஆடியவரும் கண்டவருமாக இரு நிலையிலும் இருந்தோர். அவர்களிடம் ஆசிரியர்கள் வினவ வேண்டியவை எளியவை. கோடு யார் போட்டார், எதனால் போட்டார். கோல் கம்பம் எந்த மரம். துரை வந்தால் எங்கே அமர்ந்தார். அப்பா எந்தப் பக்கம் நின்றார். அம்மாவுக்கு யார் போய்ச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்து லயத்துக்கு நடந்த வழியில் அப்பா என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் கேட்பதே முறை. முதலிலேயே கேட்டால், ‘ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்று கூறி அவர்கள் எழுந்துவிடக்கூடும்.